வரி 20 புள்ளி ஏறினால் விலை எவ்வளவு ஏறும்? வீட்டிலேயே போட்டுப் பார்க்கும் கணக்கு

தங்கை போன் செய்தபோது இரவு பத்தரை மணி. "அக்கா, செய்தி பார்த்தியா? இறக்குமதி வரியை 10லேர்ந்து 30 சதவீதம் ஆக்கிட்டாங்களாம். மூணு மடங்கு! மைக்ரோவேவ் அடுப்பு வாங்கணும்னு ஆறு மாசமா தள்ளிப் போட்டுட்டே இருக்கேன். நாளைக்குக் காலையிலயே போய் எடுத்துடட்டுமா?"

"கொஞ்சம் பொறு. கடையில அது என்ன விலை, எந்த நாட்டுல செஞ்சதுன்னு மட்டும் பார்த்துட்டு வா. அப்புறம் பேசலாம்" என்றேன்.

அவள் பதறியதில் தப்பில்லை. செய்தியில் வரும் சதவீதத்தை அப்படியே கடை விலையோடு சேர்த்துப் பார்க்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் 22 வருடமாக ஓர் இறக்குமதி நிறுவனத்தில் காஸ்டிங் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: செய்தியில் வரும் சதவீதமும் உங்கள் பில்லில் ஏறும் சதவீதமும் ஒன்றல்ல. சில நேரம் பில்லில் பாதிதான் ஏறும். சில நேரம் வரியே போடாத பொருளும் கூடவே ஏறும். இரண்டையும் முன்கூட்டி ஓரளவு கணித்துவிட முடியும். அதற்குப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. கூட்டல், பெருக்கல் போதும்.

என் வேலை இதுதான். ஒவ்வொரு கன்டெய்னர் வரும்போதும் ஒரு தாள் தயாரிப்பேன். லேண்டட் காஸ்ட் ஷீட் என்போம். ஆலை போட்ட இன்வாய்ஸ் விலையில் ஆரம்பித்து, கப்பல் வாடகை, இன்சூரன்ஸ், சுங்க வரி, துறைமுகக் கட்டணம், கிளியரிங் ஏஜென்ட் கூலி, லாரி வாடகை என்று ஒவ்வொரு வரியாக ஏறி, கடைசியில் 'நம் குடோனுக்குள் வந்து இறங்கிய விலை இது' என்று முடியும். வரி ஏறினால் விலை என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் அந்தத் தாளை ஒரே ஒரு முறை தானே போட்டுப் பார்த்தால் போதும்.

யார் கட்டுகிறார்கள்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 'அந்த நாட்டின் மீது வரி போட்டார்கள்' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கேட்டால், அந்த நாடு பணம் கட்டுவது போல இருக்கிறது. அப்படி இல்லை. சரக்கு துறைமுகத்தை விட்டு வெளியே வர வேண்டுமானால், அதை இறக்குமதி செய்தவர் தன் நாட்டு அரசுக்குத்தான் வரி கட்டுகிறார். எங்கள் அலுவலகத்தில் அந்தச் செலான் என் மேஜையிலிருந்துதான் போகும். பணம் கட்டிய ரசீது வந்த பிறகுதான் கன்டெய்னர் நகரும்.

வெளிநாட்டு ஆலை இதில் பங்கேற்க ஒரே ஒரு வழி உண்டு. விலையைக் குறைக்க வேண்டும். நாங்களும் ஒவ்வொரு முறை வரி ஏறும்போதும் கடிதம் எழுதிக் கேட்போம். இரண்டு சதவீதம், மூன்று சதவீதம் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். முழு வரியையும் ஆலையே தாங்கி நான் பார்த்ததில்லை. ஏன் தாங்க முடியாது என்பது கீழே வரும் கணக்கில் தெரிந்துவிடும்.

தாளைப் போடுவோம்

கடையில் 1000க்கு விற்கும் ஒரு மின்சாதனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். அது முழுக்க வெளிநாட்டில் செய்து வந்த பொருள்.

ஆலை விலை 400. கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் 30. ஆக, கரைக்கு வந்து சேரும்போது 430. பல நாடுகளில் வரி இந்த 430 மீது விழும். இந்தியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதுதான் முறை. அமெரிக்காவில் கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் சேர்க்காமல் 400 மீது கணக்கிடுவார்கள். நாம் 430 என்றே வைத்துக்கொள்வோம்.

வரி 10 சதவீதம் இருந்தபோது 43 கட்டினோம். 473 ஆனது. துறைமுகக் கட்டணம், ஏஜென்ட், லாரி எல்லாம் சேர்த்து 27. குடோன் விலை 500. இறக்குமதியாளர் 20 சதவீதம் வைத்து 600க்குக் கடைக்குக் கொடுக்கிறார். கடைக்காரர் 40 சதவீதம் வைக்கிறார்: 840. அதன் மேல் 19 சதவீதம் விற்பனை வரி: ஏறத்தாழ 1000.

இந்தத் தாளில் கண்ணை நிறுத்த வேண்டிய இடம் 430. சுங்க வரி கடை விலையான 1000 மீது விழுவதில்லை, கரை விலையான 430 மீதுதான் விழுகிறது. மீதி 570ல் கடை வாடகை, சம்பளம், விளம்பரம், லாபம், உள்ளூர் வரி எல்லாம் இருக்கின்றன. இறக்குமதி வரி ஏறியதற்காகக் கடை வாடகை ஏறப் போவதில்லை.

இப்போது வரியை 30 ஆக்குங்கள். 10லிருந்து 30, இதைத்தான் 20 புள்ளி ஏற்றம் என்கிறேன். 430ல் 30 சதவீதம் 129. முன்பு கட்டியதைவிட 86 கூடுதல். குடோன் விலை 586. இதற்குப் பிறகு விலை எந்தப் பாதையில் போகும் என்பது வியாபாரிகள் கையில் இருக்கிறது.

ஒரு பாதை: இறக்குமதியாளரும் கடைக்காரரும் தங்கள் லாபத்தைத் தொகையாக அப்படியே வைத்துக்கொண்டு, கூடுதலான 86ஐ மட்டும் கைமாற்றி விடுகிறார்கள். 840 என்பது 926 ஆகும். விற்பனை வரியோடு 1102. ஏற்றம் 10 சதவீதத்துக்குச் சற்று மேல்.

இன்னொரு பாதை: 'நாங்கள் எப்போதும் 20 சதவீதம்தான் வைப்போம், 40 சதவீதம்தான் வைப்போம்' என்று சதவீதத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். 586 என்பது 703 ஆகி, 984 ஆகி, விற்பனை வரியோடு 1171 ஆகிவிடும். ஏற்றம் 17 சதவீதம்.

அரசுக்குப் போன கூடுதல் சுங்க வரி 86. வாங்குபவர் கூடுதலாகக் கொடுத்தது 171. நடுவில் இருக்கும் 85ல் ஒரு பகுதி விற்பனை வரியாக மறுபடியும் அரசுக்குப் போகிறது, மற்றது லாபத்தின் மேல் ஏறிய லாபம். இது பேராசையால் மட்டும் நடப்பதில்லை. சரக்கு வாங்க வங்கியில் எடுக்கும் கடன் கூடுகிறது, அதற்கு வட்டி கூடுகிறது, விற்காமல் தங்கினால் நஷ்டமும் கூடுகிறது. ஆனாலும் பல கடைகளில் சதவீதம் வைப்பது வெறும் பழக்கம். கம்ப்யூட்டரில் அந்தச் சூத்திரம் போட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதிலிருந்து வீட்டுக்கு இரண்டு எல்லைகள் கிடைக்கின்றன. முழு இறக்குமதிப் பொருளுக்கு, கடை விலையில் கரை விலையின் பங்கை வரி ஏற்றத்தால் பெருக்குங்கள். நம் உதாரணத்தில் 43 சதவீதத்தை 20ஆல் பெருக்கினால் 8.6. விற்பனை வரி சேர்ந்தால் பத்து. எல்லோரும் முழுத் தொகையையும் கைமாற்றினால் வரும் கீழ் எல்லை இது. மேல் எல்லை, செய்தியில் வந்த ஏற்றத்துக்குச் சற்றுக் குறைவு: 20 புள்ளிக்கு 17. இதையும் தாண்டி 25, 30 சதவீதம் ஏற்றிவிட்டு 'வரி ஏறிடுச்சுங்க' என்று யாராவது சொன்னால், வரி மட்டும் காரணமல்ல என்று உறுதியாகச் சொல்லலாம்.

கரை விலையின் பங்கு எவ்வளவு என்று வெளியில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? துல்லியமாகத் தெரியாது. நான் போட்ட தாள்களின் அனுபவத்தில் ஒரு மட்டம் சொல்கிறேன். உலோகம், தானியம் போல மூட்டையிலும் டன்னிலும் விற்கும் சரக்குக்குக் கரை விலை கடைசி விலையில் பாதிக்கு மேல் இருக்கும். மின்சாதனங்களுக்குப் பாதிக்குக் கொஞ்சம் கீழே. பிராண்டு பெயருக்காக வாங்கும் உடை, காலணி, கைப்பை இவற்றுக்குக் கால் பங்குதான் இருக்கும். மற்றது பெயருக்கும் கடைக்கும். அதனால் ஒரே 20 புள்ளி ஏற்றம் இரும்புக் கம்பியைக் கடுமையாகத் தாக்கும், விலை உயர்ந்த கைப்பையை லேசாகத் தட்டிவிட்டுப் போகும்.

இப்போது ஆலையின் பக்கம் வாருங்கள். 30 சதவீத வரிக்குப் பிறகும் பழைய 473லேயே நிற்க வேண்டுமானால் கரை விலை 364 ஆக இறங்க வேண்டும். கப்பல் வாடகை 30 குறையாது. ஆகவே ஆலை தன் 400ஐ 334 ஆக்க வேண்டும், கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைப்பு. சாதாரண மின்சாதன ஆலைக்கு அவ்வளவு லாபமே இருக்காது.

2018, 2019ல் அமெரிக்கா சீனப் பொருட்கள் மீது வரிசையாக வரி போட்டபோது இது பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்டது. மேரி அமிட்டி, ஸ்டீபன் ரெட்டிங், டேவிட் வெயின்ஸ்டைன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் சுங்கப் பதிவுகளை வைத்துப் பார்த்தார்கள். வரிக்கு முந்தைய விலையை வெளிநாட்டு விற்பனையாளர்கள் அநேகமாகக் குறைக்கவே இல்லை. கிட்டத்தட்ட முழுச் சுமையும் அமெரிக்க இறக்குமதியாளர்கள் மேலேயே விழுந்தது. கீதா கோபிநாத்தும் ஆல்பர்டோ கவாலோ முதலிய சக ஆய்வாளர்களும் கடை விலைகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். எல்லையில் ஏறிய அளவுக்குக் கடை அலமாரியில் ஏறவில்லை. பெரிய கடைகள் ஒரு பகுதியைத் தங்கள் லாபத்திலிருந்தே தாங்கின. விதிவிலக்கும் இருந்தது. எஃகில், ஒரு வருடம் போன பிறகு வெளிநாட்டு ஆலைகள் ஏறத்தாழ பாதியளவு இறங்கி வந்தன. உலகமெங்கும் எஃகு ஆலைகள் மிகையாக இருந்தால், விற்காமல் வைத்திருப்பதைவிடக் குறைத்து விற்பது மேல்.

வரி போடாத பொருள் ஏன் ஏறுகிறது

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். செய்திகளில் பெரும்பாலும் விட்டுப்போகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2018 பிப்ரவரியிலிருந்து அமெரிக்கா இறக்குமதி வாஷிங் மெஷின்கள் மீது கூடுதல் வரி வசூலிக்க ஆரம்பித்தது. முதல் வருடத்தில் முதல் 12 லட்சம் மெஷின்களுக்கு 20 சதவீதம், அதற்கு மேல் வந்தால் 50 சதவீதம். விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. ஆச்சரியம் அதில் இல்லை. துணி உலர்த்தும் டிரையருக்கு இந்த வரியே கிடையாது. அதன் விலையும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறியது. அமெரிக்காவிலேயே செய்த வாஷிங் மெஷின்களும் ஏறின.

காஸ்டிங் மேஜையில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிரே இல்லை. அங்கே வாஷரையும் டிரையரையும் ஜோடியாக வாங்குகிறார்கள், பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே விலை போடுகிறார்கள். வாஷர் மேல் விழுந்த சுமையை இரண்டாகப் பிரித்து இரண்டின் மேலும் வைத்தால், எதுவும் தனியாகக் கண்ணை உறுத்தாது. உள்நாட்டு ஆலைக்கோ, போட்டியாளரின் விலை ஏறிவிட்டது. தன் செலவு ஏறாவிட்டாலும் தானும் ஏற்றலாம். எதிர்க் கடை விலை ஏற்றினால் இந்தக் கடைக்காரர் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா?

ஆரன் ஃப்ளேயன், அலி ஹோர்டாச்சு, ஃபெலிக்ஸ் டின்டெல்நாட் ஆகியோர் இதைக் கணக்கிட்டார்கள். வாங்குபவர்கள் வருடத்துக்குக் கூடுதலாகக் கொடுத்தது சுமார் 150 கோடி டாலர். அரசுக்கு வரியாக வந்தது ஏறத்தாழ 8.2 கோடி டாலர். சுமார் 1,800 வேலைகள் உருவாயின. வகுத்துப் பார்த்தால் ஒரு வேலைக்கு எட்டு லட்சம் டாலருக்கும் மேல். அந்த 1,800 குடும்பங்களுக்கு அந்த வேலை பெரிது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணம் யார் பையிலிருந்து போனது என்று வாங்கியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

ஆகவே வரி அறிவிப்பு வந்தால் அந்தப் பட்டியலை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். பட்டியலில் உள்ள பொருளோடு சேர்த்து விற்கப்படுவது எது, அதற்குப் பதிலாக மக்கள் வாங்கக்கூடியது எது, அதை மூலப்பொருளாக வைத்துச் செய்வது எது என்று மூன்று கேள்வி கேளுங்கள். எஃகுக்கு வரி போட்டால் கார், பாத்திரம், அலமாரி, கட்டடக் கம்பி எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். மூலப்பொருளுக்குக் கணக்கு இன்னும் எளிது: ஒரு பொருளின் விலையில் எஃகின் பங்கு 10 சதவீதம், எஃகு 25 சதவீதம் ஏறுகிறது என்றால், பொருள் இரண்டரை சதவீதம் ஏறும். அதற்கு மேல் ஏற்றினால் காரணம் வேறு.

ஒரு நாட்டுக்கா, எல்லா நாட்டுக்குமா?

செய்தியில் நான் முதலில் தேடுவது இதைத்தான். அதே வாஷிங் மெஷின் கதையில் இதற்கும் விடை இருக்கிறது. 2018க்கு முன்பும் அமெரிக்கா வாஷிங் மெஷின்கள் மீது வரி போட்டிருந்தது. முதலில் கொரியாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வருபவற்றுக்குப் போட்டார்கள்; தயாரிப்பு சீனாவுக்கு நகர்ந்தது. பிறகு சீனாவிலிருந்து வருபவற்றுக்குப் போட்டார்கள். தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் நகர்ந்தது. கடை விலையில் பெரிய உயர்வு தெரியவில்லை. 2018ல் அநேகமாக எல்லா நாட்டுக்கும் சேர்த்துப் போட்டபோதுதான் ஓட இடமில்லாமல் விலை ஏறியது.

ஒரே ஒரு நாட்டின் மீது வரி, அந்தப் பொருளை வேறு பல நாடுகளும் செய்கின்றன என்றால் பதற வேண்டாம். சில மாதங்கள் தடுமாறும், பிறகு பெட்டியில் நாட்டின் பெயர் மாறும். அந்தப் பொருளை உலகில் ஒன்றிரண்டு நாடுகள் மட்டும் செய்கின்றன அல்லது வரி எல்லா நாட்டுக்கும் பொது என்றால், நான் மேலே சொன்ன மேல் எல்லையை நோக்கிப் போகும் என்று எதிர்பாருங்கள்.

கோடு எண்

ஒவ்வொரு பொருளுக்கும் சுங்கத்தில் ஓர் எண் உண்டு. எச்.எஸ். கோடு என்போம். முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுக்க ஒன்றே. உலகச் சுங்க அமைப்பு பராமரிக்கும் இந்தப் பட்டியல் 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது, 5,000க்கும் மேற்பட்ட வகைகள் அதில் உண்டு. ஆறுக்குப் பிறகு வரும் இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குச் சேர்த்துக்கொள்ளும். வரி விகிதம் இந்த எண்ணோடு ஒட்டியிருக்கிறது, பொருளின் பெயரோடு இல்லை.

இது எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரு வழக்கு. அமெரிக்காவில் மனித உருவம் என்றால் 'பொம்மை' என்ற வகையில் 12 சதவீதம், மனிதரல்லாத உருவம் என்றால் 'விளையாட்டுப் பொருள்' என்ற வகையில் 6.8 சதவீதம் என்று வரி இருந்தது. எக்ஸ்-மென் என்ற காமிக்ஸ் கதாபாத்திரங்களின் உருவங்களை இறக்குமதி செய்த டாய் பிஸ் என்ற நிறுவனம், இவர்கள் மனிதர்களே அல்ல என்று வாதாடி 2003ல் நீதிமன்றத்தில் வென்றது. உருவம் அதேதான். வரி ஏறத்தாழ பாதியாகிவிட்டது.

வீட்டில் உட்கார்ந்து நீங்கள் நீதிமன்றம் போக வேண்டாம். பெரும்பாலான நாடுகளின் சுங்கத் துறை வரிப் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. பெரிய தொகைக்கு ஏதாவது வாங்கப் போகிறீர்கள் என்றால் அந்த எண்ணைத் தேடி, வரி சதவீதக் கணக்கா, ஒரு கிலோவுக்கு அல்லது ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்ற கணக்கா என்று மட்டும் பாருங்கள். உருப்படிக் கணக்கு என்றால் மலிவுப் பொருளுக்குத்தான் அடி. உருப்படிக்கு 50 என்றால், 200 மதிப்புள்ள பொருளுக்கு அது 25 சதவீதம். 2000 மதிப்புள்ளதற்கு இரண்டரை சதவீதம். குறைந்த விலையில் வாங்குகிறவர்தான் அதிகச் சதவீதம் கட்டுகிறார். இது எனக்கு எப்போதும் அநியாயமாகவே படும்.

எப்போது ஏறும்?

தங்கை மறுநாள் கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். விலை மாறவில்லை. பின்பக்க ஸ்டிக்கரில் தயாரித்த மாதம் ஐந்து மாதம் முந்தையது.

"அப்ப இது பழைய வரியில வந்த சரக்கு. இன்னும் இது மாதிரி எத்தனை பெட்டி இருக்குன்னு கேட்டியா?"

"குடோன்ல நிறைய இருக்குன்னாங்க."

"அப்ப ரெண்டு வாரம் தாராளமா யோசி. ஆஃபர் வந்தாலும் வரும்."

கப்பலில் வரும் பொருள் ஆலையை விட்டுக் கடை அலமாரிக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். புதிய வரி அமலாகும் நாளுக்கு முன் கிளியர் ஆன சரக்கெல்லாம் பழைய வரியில்தான் வந்திருக்கும். அதோடு, வரி ஏறப் போகிறது என்று மோப்பம் பிடித்தாலே இறக்குமதியாளர்கள் முன்கூட்டி வாங்கிக் குவிப்பார்கள். ஒரு முறை நாங்கள் மூன்று மாதச் சரக்கை ஒரே மாதத்தில் இறக்கினோம். இடம் போதாமல் பக்கத்துக் குடோனை வாடகைக்கு எடுத்தோம். நடைபாதையெல்லாம் பெட்டி. அந்தச் சரக்கு தீரும்வரை எங்கள் விலை ஏறவே இல்லை. வாடகையையும் வட்டியையும் சேர்த்துப் பார்த்தபோது, மிச்சம் பிடித்ததில் பாதி அதிலேயே போயிருந்தது.

ஆனால் சில கடைகள் அறிவிப்பு வந்த அன்றே பழைய ஸ்டாக்குக்கும் விலை ஏற்றும். 'இதை விற்ற காசில் அடுத்ததை வாங்க வேண்டுமே' என்பது அவர்கள் நியாயம். அது முழுப் பொய்யும் அல்ல. ஒரே மாடலை இரண்டு மூன்று கடைகளில் விசாரித்தால், யாரிடம் பழைய சரக்கு அதிகம் என்பது விலையிலேயே தெரிந்துவிடும். அங்கே வாங்குங்கள்.

எப்படியும் இந்த வருடம் வாங்கியே தீர வேண்டிய பொருள், முழு இறக்குமதி, எல்லா நாட்டுக்கும் பொதுவான வரி, கடையில் ஸ்டாக் குறைவு: இந்த நான்கும் சேர்ந்தால்தான் அவசரமாக வாங்குவதில் அர்த்தம் உண்டு. கடன் அட்டையில் வட்டி கட்டி வாங்குவதாக இருந்தால் இன்னொரு முறை யோசியுங்கள். பத்து சதவீத ஏற்றத்துக்குப் பயந்து அதைவிட அதிக வட்டி கட்டியவர்கள் உண்டு.

வெளிநாட்டுத் தளத்திலிருந்து நேராக ஆர்டர் போடுகிறவர்களுக்கு இந்த அவகாசம் கிடையாது. பார்சல் எல்லையைத் தாண்டும் நாளில் என்ன வரியோ அதுதான். அமெரிக்காவில் 800 டாலர் வரையுள்ள பார்சல்களுக்கு வரி விலக்கு இருந்தது. 2025 மே மாதம் சீனப் பார்சல்களுக்கும், ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுப் பார்சல்களுக்கும் அது நீக்கப்பட்டது. எந்த நாடாக இருந்தாலும், பணம் கட்டும் பக்கத்தில் காட்டும் விலை வரி சேர்த்ததா, சேர்க்காததா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். சேர்க்காதது என்றால் வரியோடு கூரியர்காரரின் கையாளும் கட்டணமும் வாசலில் வந்து நிற்கும். சின்னப் பொருளுக்கு வரியைவிட அந்தக் கட்டணம் அதிகமாக இருக்கும்.

விலை ஏறாமலே ஏறுவது

ஒரு கூட்டம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. மின்சாரக் கெட்டில் ஒன்றுக்கு வரி ஏறியிருந்தது. விலையை ஏற்றினால் விற்பனை விழுந்துவிடும் என்று விற்பனைப் பிரிவு சொன்னது. ஆலையிலிருந்து இரண்டு மாதிரிகள் வந்திருந்தன. மேஜை மேல் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வெளியிலிருந்து ஒரு வித்தியாசமும் இல்லை. கையில் எடுத்தபோது புதியது லேசாக இருந்தது; அடித்தகடு மெலிந்திருந்தது. மின்கம்பி ஒரு சாண் குட்டை. மூடிக்குள் இருந்த வடிகட்டி வலை இல்லை. வாரன்டி இரண்டு வருடத்திலிருந்து ஒன்றாகியிருந்தது. விலை மட்டும் அப்படியே. மாடல் எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து கூடியிருந்தது.

சரி என்று கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. யாரையும் ஏமாற்றவில்லை, பெட்டியில் எல்லாம் அச்சிட்டுத்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் கெட்டிலை நான் வீட்டுக்கு வாங்கவில்லை.

வரி ஏறிய பிறகு ஒரு பொருளின் விலை ஏறவில்லை என்றால், மாடல் எண், எடை, வாரன்டி மூன்றையும் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டியில் எடை போட்டிருக்கும். 200 கிராம் குறைந்திருந்தால், அந்த 200 கிராமில்தான் வரி இருக்கிறது.

இறங்கும்போது

வரி 'தற்காலிகம்' என்று சொன்னால் அதை வைத்துத் திட்டம் போடாதீர்கள். அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு மேற்கு ஜெர்மனியும் பிரான்ஸும் வரியை ஏற்றியதற்குப் பதிலடியாக, 1964ல் அமெரிக்கா சிறு சரக்கு வண்டிகளுக்கு 25 சதவீத வரி போட்டது. கோழிச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. அறுபது வருடம் கடந்தும் வண்டிகளுக்கான அந்த 25 சதவீதம் போகவில்லை. மறுபக்கம், மூன்று வருடத்துக்கு என்று போட்ட வாஷிங் மெஷின் வரி, இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கப்பட்டாலும், 2023 பிப்ரவரியில் முடிந்தது. இரண்டும் நடக்கும்.

வரி இறங்கினால் விலையும் தானாக இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏறும்போது அன்றே ஏற்றும் கடை, இறங்கும்போது 'பழைய ஸ்டாக் இருக்குங்க' என்று சொல்லும். இரண்டு முறையும் அதே ஸ்டாக், காரணம் மட்டும் திரும்பி நிற்கும். அப்போது பேச நம்மிடம் எண் இருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் பெரிய வாடிக்கையாளர்கள் தேதியோடு பழைய பில்லை எடுத்து வைத்துக் கேட்பார்கள். அவர்களுக்கு விலை முதலில் இறங்கும். கேட்காதவர்களுக்கு மூன்று நான்கு மாதம் கழித்து.

தங்கை ஏழாவது வாரம் அதே மாடலைப் பழைய விலைக்கே வாங்கினாள். பத்தாவது வாரம் அதே கடையில் 11 சதவீதம் கூடியிருந்தது. இரண்டு நாளும் விலைச் சீட்டைத் தேதி தெரிய போனில் படம் எடுத்து வைக்கச் சொன்னேன். "நான்தான் வாங்கிட்டேனே, இனிமே எதுக்குக்கா?" என்றாள். அடுத்த வீட்டில் இன்னும் வாங்கவில்லை, அவர்களுக்கு அனுப்பு என்றேன்.